ஜூமாவின் குரல் ஒலிக்காத காட்சி

இக்குறிப்பை எழுதவேண்டிய தேவை அண்மையில்தான் எழுந்தது. சின்னத்திரைத் தொடர்களுக்கு உரையாடல் எழுதவும், அதனை நடிகர்களுக்குப் பயிற்றவும் முன்வந்துள்ள இளைஞர்களுக்காக ஷார்ஜாவில் நடந்த பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு என்னை விருந்தினனாக அழைத்திருந்தனர். தமிழறியாத நடிகரை நெருக்கடி வேளையில் எவ்வாறு நடிக்கவைப்பது என்பதற்கு எடுத்துக்காட்டாக, வகுப்பை நடத்தியவர் ஒரு நிகழ்ச்சியைக் கூறினார். "நம்ம ஐயா அன்னைக்கு ஒரே வார்த்தையில ஷாட்ட முடிச்சுட்டாருல்ல!" என்று என் பக்கம் கையை நீட்டினார். அவை கைதட்டியது. நானும் எழுந்து கைகூப்பினேன். உட்கார்ந்த பிறகு எவர் முகத்தையும் என்னால் பார்க்க இயலவில்லை.

அந்நிகழ்ச்சியில் பாதிதான் உங்களுக்குச் சொல்லப்பட்டது. மறுபாதியைச் சொல்லவேண்டியவன் நான். அதனை மறைத்துவிட்டால், நான் செய்த தவறு உங்கள் கையில் ஒரு தொழில்நுட்பமாக வளரும். அந்த அச்சமே இதனை எழுதச் செய்கிறது.

நான் இந்நாட்டுக்குத் தமிழாசிரியனாக வந்தவன். பள்ளிப் பணி முடிந்தபின், மகன் வீட்டில் வாளா இருக்க மனமின்றி, வளைகுடாத் தமிழர் வாழ்வைத் தொடராக எடுக்கும் ஒரு சிறு குழுவுக்கு உரையாடல் எழுதிக் கொடுத்தேன். நடிகர்களின் ஒலிப்பையும் திருத்தினேன். ஷார்ஜா தொழில்பேட்டையில், வண்டிகளுக்கு வண்ணம் பூசும் பட்டறை ஒன்றுக்கு அடுத்த கிடங்கே எங்கள் கூடம். குழுவில் முழுநேரக் கலைஞர் எவருமில்லை. இயக்குநர் சேவியர் தூத்துக்குடிக் கடற்கரையினர். வார நாள்களில் குளிரூட்டி பழுதுபார்க்கும் நிறுவனமொன்றில் மேற்பார்வையாளர். நாயகியாக நடித்த ஸ்டெல்லா குமரி மாவட்டத்து மீனவக் குடும்பத்துப் பெண், மருத்துவமனையில் செவிலியர். விடுமுறை நாள்களில் படம் பிடித்துச் சென்னைத் தொலைக்காட்சி ஒன்றுக்கு அனுப்புவோம்.

நம் தொழிலின் வழக்கம் ஒன்றை நீங்கள் அறிவீர்கள். படப்பிடிப்பில் நடிகர் பேசுவது பெரும்பாலும் ஒளிபரப்பில் ஒலிப்பதில்லை. குரல் பின்னர் சேர்க்கப்படுகிறது. ஆகவே காட்சி நடக்கும்போதே பக்கத்தில் ஒருவர் நின்று உரையாடலை உரக்க எடுத்துக் கொடுப்பார்; நடிகர் திருப்பிச் சொல்வார். தமிழ் வராதவராயின் அதுவும் வேண்டா. எண்களை வரிசையாகச் சொல்லி வாயசைத்தால் போதும். வீட்டு உரிமையாளராக நடிக்க வந்த பெஷாவர்க்காரர் ஒருவர், சினம் பொங்கப் பத்து வரை எண்ணிவிட்டு, அதே சினத்துடன் இயக்குநரை நோக்கி, "பாய், டயலாக் இன்னும் இருக்கா? பதினொண்ணும் சொல்லவா?" என்று இந்தியில் கேட்டார். அன்று கூடமே சிரித்தது, அவரும் சிரித்தார்.

இவ்வழக்கத்தை நாங்கள் எவரும் இழிவாகக் கருதியதில்லை. வேறு மண்ணில் பயின்ற ஒரு நடிகருக்கு அது எத்தகையதாக இருக்கும் என்று எண்ணிப் பார்த்ததுமில்லை.

ஜூமா அவ்வாறு வந்தவர். கென்ய நாட்டின் மொம்பாசா நகரத்தவர். பல ஆண்டுகள் ஓடிய சுவாகிலி மொழித் தொடர் ஒன்றில் பெரிய குடும்பத்தின் தந்தையாக நடித்துப் புகழ்பெற்றவர். அத்தொடரின் பெயரை எழுதவேண்டா என்பது அவர் விருப்பம், எழுதவில்லை. தொடர் முடிந்தது, வேறு வாய்ப்பு வரவில்லை, மகளின் படிப்பு நடுவில் நின்றது. பர் துபாயில் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்த வணிக வளாகம் ஒன்றின் வாசற்காவலராக வந்து சேர்ந்தார். ஸ்டெல்லாவுடன் பணிபுரிந்த கென்யச் செவிலி ஒருவர் வழியே அவர் எங்களுக்கு அறிமுகமானார்.

முதல் நாள் சேவியர் அவரிடம், "ஆக்டிங் தெரியுமா பாய்?" என்று கேட்டார்.

"கொஞ்சம்" என்றார் ஜூமா.

உடன் வந்திருந்த செவிலி பொறுக்கமாட்டாமல் தம் கைபேசியில் பழைய காட்சி ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒரு தந்தை, திருமணமாகிச் செல்லும் மகளின் செருப்பைத் துடைத்து வைக்கிறார். ஒரு சொல்லும் இல்லை. சேவியர் கைபேசியைத் திருப்பிக் கொடுக்க மறந்து நின்றார். "அண்ணாச்சி, நாம இவர வச்சு என்ன செய்யப் போறோம்? இவருல்லா நம்மள வச்சு ஏதாச்சும் செய்யணும்" என்றார் என்னிடம்.

அப்போது எடுத்துக்கொண்டிருந்த தொடரில் ஒரு தொழிலாளர் முகாமின் காவலாளி பாத்திரம் இருந்தது. ஆப்பிரிக்கர், முகாம்வாசிகளிடம் பழகிப் பழகித் தமிழ் கற்றவர். முகாமில் தீப்பற்றும்போது ஒரு தமிழ் இளைஞனைக் காத்துத் தாம் மடிகிறார். அவருடைய இறுதிச் சொற்களை நான் எழுதினேன். "தம்பி, நான் இந்த வாசலில் நின்றது உங்களைத் தடுப்பதற்கன்று. போனவர் எல்லாரும் திரும்பி வந்துவிட்டனரா என்று பார்ப்பதற்கு. இன்று எல்லாரும் வந்துவிட்டீர்கள். இனி நான் கதவைச் சாத்தலாம்." நான் எழுதியவற்றுள் இதுவே சிறந்தது என்று அன்று நினைத்தேன். அந்தப் பெருமிதமே பின்னால் என் கண்ணை மறைத்தது.

தமக்கு எண்கள் வேண்டா, சொற்களே வேண்டும் என்றார் ஜூமா. நான் கைபேசியில் சொல்லி அனுப்புவேன்; அவர் வாசலில் நின்றபடியே பயின்று, தம் குரலில் பதிந்து அனுப்புவார். நகைக்கடையில் பணியாற்றிய இராமநாதபுரத்து இளைஞர்களிடம் சொல்லிக் காட்டுவார். என்னை 'முவாலிமு' என்று அழைப்பார். அவர்கள் மொழியில் ஆசிரியரைக் குறிக்கும் சொல். எங்கள் பேச்சு இந்தியும் ஆங்கிலமும் கலந்தது, போகப் போகத் தமிழும் சேர்ந்தது. அதனை இங்கே தமிழிலேயே தருகிறேன்.

"முவாலிமு, இந்தத் 'தடுப்பதற்கன்று' ஏன் இவ்வளவு நீளம்? சாகப்போறவனுக்கு அவ்வளவு மூச்சு இருக்குமா?"

"நல்ல தமிழ் அப்படித்தான் இருக்கும்."

"சரி. அப்போ நான் மூச்சை வளர்த்துக்கிறேன்."

அன்று இதனை நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு நடிகர் என் எழுத்துக்குக் கூறிய திறனாய்வு அது என்பது எனக்கு உறைக்கவில்லை.

படப்பிடிப்புக்கு முந்திய வாரம் அவர் மிக மகிழ்ச்சியாக இருந்தார். மொம்பாசாவிலிருந்து பழைய நண்பரான இயக்குநர் அழைத்திருந்தாராம். புதிய தொடர், முதிய நீதிபதி வேடம். தொலைக்காட்சியார் இசைந்தால் ஊர் திரும்பிவிடலாம். "இவ்வளவு நாள் எங்கே போனே, நடிப்பு மறந்து போச்சான்னு அவங்க கேக்கிறாங்க. இந்தக் காட்சியை அனுப்பப் போறேன். இன்னொரு மொழியில செத்துக் காட்டினா நம்புவாங்க இல்லையா?" என்று சிரித்தார். அவருக்கு அக்காட்சி எத்துணை இன்றியமையாதது என்பதை நான் அறியாமல் செய்துவிட்டேன் என்று எவரும் எனக்காகச் சொல்ல வேண்டா. அறிந்தே இருந்தேன்.

உண்மையான தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் படமெடுத்தோம். ஓர் அறையை மாலை வரை பயன்படுத்திக்கொள்ள முகாம் பொறுப்பாளர் இசைந்திருந்தார். முற்பகலில் மின்சாரம் நின்றது. விளக்குகளைச் சீர்செய்யவே நண்பகல் கடந்தது. ஜூமாவின் முறை வந்தபோது மாலை நெருங்கிவிட்டது.

முதல் முறை அவர் "தம்பி" என்று தொடங்கினார். வழக்கம்போல எங்கள் உதவி இயக்குநர் பக்கத்திலிருந்து அடுத்த சொற்களை உரக்க எடுத்துக் கொடுத்தார். ஜூமா கண்விழித்து எழுந்து உட்கார்ந்தார்.

"நான் சாகும்போது யார் அது நடுவில பேசறது?"

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. எடுத்துக் கொடுக்க வேண்டா என்று சொல்லிவிட்டு மறுமுறை தொடங்கினோம். இம்முறை சொற்களுக்கிடையே நீண்ட இடைவெளி விட்டார். இறப்பவர் பேசுவதுபோலவே பேசினார். ஆனால் பாதியிலேயே வெளியில் பேருந்துகள் வந்து நின்ற ஒலி கேட்டது. அவ்வறைக்குரிய தொழிலாளர்கள் வேலை முடிந்து, சோற்றுக் கலன்களுடன் வாசலில் கூடினர். பொறுப்பாளர் கதவைத் தட்டி, போதும், நேரமில்லை என்று அரபி கலந்து அவசரப்படுத்தினார். "யல்லா பாய், கலாஸ். டைம் மாஃபி. ஆளுங்க நிக்கிறாங்க."

உடலெங்கும் சிமெண்டுத் தூள் படிந்த ஒருவர் தலையை நீட்டி, "அண்ணே, அவரு செத்து முடிச்சதும் ஒரு சத்தம் குடுங்க. நான் குளிக்கணும்" என்றார்.

அவர் கேட்டதில் தவறில்லை. அது அவர் அறை.

சேவியர் என்னை ஓரமாக அழைத்தார். "அண்ணாச்சி, ஆளுவ வெளிய நிக்காவ. இனி ஒரு டேக்தான். இவரு இந்த ஸ்பீடுல பேசுனா முடியாது. எப்படியும் டப்பிங்தானே? நம்பர் சொல்லச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்கமாட்டாரு, நீங்க சொன்னா கேப்பாரு."

ஸ்டெல்லா பக்கத்தில் நின்றிருந்தார். "சாரே, அவரு எத்தன நாளா இதப் படிக்காரு. இது நல்லா இல்ல கேட்டியளா" என்றார்.

இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். பயிற்சி வகுப்பில் உங்களுக்குச் சொல்லப்பட்ட 'ஒரே வார்த்தை' இங்கேதான் வருகிறது. எனக்கு வேறு வழிகள் இருந்தன. காட்சியை எங்கள் கிடங்கில் மறுவாரம் எடுத்திருக்கலாம். சுவரும் கட்டிலும் எங்கும் கிடைப்பவையே. அல்லது என் உரையாடலைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். குறைக்கலாம் என்ற எண்ணம் வந்ததும் உண்மை. ஆயினும் என் சொற்களில் ஒன்றையும் இழக்க மனம் வரவில்லை. அவரை இழப்பது அதனினும் எளிதாகப் பட்டது.

ஜூமாவின் அருகில் குனிந்து சொன்னேன்: "இப்போது எண்ணுங்கள். குரல் சேர்க்கும்போது உங்கள் குரலிலேயே பேசுவீர்கள். அதற்கு நான் பொறுப்பு."

"எண்களா, முவாலிமு?"

"உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள். எவருக்கும் தெரியப்போவதில்லை."

அவர் படுத்துக்கொண்டார். மோஜா, ம்பிலி, டாட்டு என்று தொடங்கினார். நான் எழுதிய சொற்களை விடுத்து, வெறும் எண்களைச் சொல்லி அவர் அழுத அழுகையில் அவ்வறையே அடங்கிவிட்டது. குளிக்கக் காத்திருந்தவர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தார். சேவியர் 'கட்' சொல்லவும் மறந்தார். உங்களுக்குச் சொல்லப்பட்ட கதை இத்துடன் முடிகிறது. கைதட்டலும் இதற்குத்தான் கிடைத்தது.

எங்கள் குழுவின் விளம்பரப் பக்கத்தைக் கவனித்தவர், அந்தக் காட்சியை அன்று ஒலித்தவாறே இணையத்தில் ஏற்றினார். 'நம்பர் சொல்லியே அழவைத்த நடிகர்' என்று தலைப்பும் கொடுத்தார். பாராட்டாகவே செய்தார். தமிழர் பலர் வியந்து எழுதினர். நானும் கண்டு மகிழ்ந்தேன். அக்காணொளியைச் சுவாகிலி அறிந்தோரும் காண்பர் என்பது எங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சில நாள்களில் ஸ்டெல்லா தொலைபேசியில் அழைத்தார். "சாரே, எங்க வார்டுல அந்தக் கென்யாக்காரி அழுதுட்டு இருக்கா. அவ ஊருல எல்லாரும் இத வச்சுச் சிரிக்காங்களாம். பெரிய நடிகரு, வெளிநாட்டுல போயி ஒண்ணு ரெண்டு எண்ணிட்டுச் செத்தாருன்னு. அவரு பொண்ணு காலேஜுக்குப் போனா, பிள்ளைக பின்னாடியே எண்ணிட்டு வருதுகளாம்."

நமக்கு அழுகை கேட்டது. அவர்களுக்கு எண்கள் கேட்டன.

காணொளியை நீக்கிவிடலாம் என்றேன் ஜூமாவிடம். அவர் வேண்டா என்றார். "எடுத்தா, ஒளிச்சுட்டேன்னு சொல்வாங்க. அந்தப் பகுதி ஒளிபரப்பாகட்டும். நீதிபதி வேடத்துக்கு நண்பன் இன்னும் யாரையும் போடல. அன்னைக்குப் பாருங்க, என் வாயில தமிழ் கேக்கும்னு அவன்கிட்டச் சொல்லிட்டேன். என் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன். நான் பேசினாப் போதும்."

சென்னையில் ஒரு குரற்கலைஞரைக் கொண்டு அக்காட்சிக்குக் குரல் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்தது. சேவியரிடம் போராடி, ஜூமாவின் குரலையும் பதிய இசைவு பெற்றேன். இது ஒன்றை மட்டும் நான் சரியாகச் செய்தேன். "ரெண்டுல எது போகணும்னு நீங்களே சொல்லிருங்க அண்ணாச்சி. தமிழு உங்க பொறுப்பு. ஆனா சாயங்காலத்துக்குள்ள ஃபைல் போயாகணும்" என்றார் அவர்.

கிடங்கின் ஒரு மூலையில் கம்பளம் ஒட்டிய சிறு அறை; அதுதான் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம். அடுத்த பட்டறையில் காற்றழுத்தப் பொறி ஓடும்போதெல்லாம் பதிவை நிறுத்த வேண்டும். ஜூமா காவலர் சீருடையிலேயே நேரே பணியிலிருந்து வந்தார். முதல் முறை பேசி முடித்ததும் ஒலிப்பதிவாளர், தமிழ் அறியாத வங்கதேசத்தவர், காதொலிப்பானைக் கழற்றி வைத்தார். பிறகு, "அச்சா" என்று மட்டும் சொன்னார்.

எனக்கோ சில ஒலிகள் உறுத்தின. "மீண்டும் ஒருமுறை" என்றேன். அவர் மீண்டும் பேசினார். மீண்டும் உறுத்தியது. பொறி ஓடியது, காத்திருந்தோம், பேசினார். எத்தனை முறை என்று நினைவில்லை. குரல் களைத்தது. எது பிழை என்று நான் விளக்கவில்லை. "இன்னும் சற்றுத் தெளிவாக" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். இடையில் சென்னைக் குரலையும் போட்டுக் கேட்டேன். ஒவ்வோர் எழுத்தும் பளிங்குபோல் விழுந்தது. திரையில் 'உரையாடல்' என்று என் பெயர் வரும். ஊரில் என்னோடு தமிழ் பயின்றோர் பார்ப்பர். அவர்கள் செவிக்கு எது உகந்தது என்று எண்ணினேன். மொம்பாசாவில் ஒரு பெண் தன் தந்தையின் குரலுக்காகக் காத்திருப்பாள் என்பதை எண்ணவில்லை. எண்ணியிருப்பின், அவ்வெண்ணத்தை ஒதுக்கினேன்.

சேவியர் அழைத்தார். "என்ன சொல்லுதீய அண்ணாச்சி? எத அனுப்ப?"

"சென்னையில் பதிந்ததையே அனுப்பிவிடுங்கள்."

அவர் சிறிது தயங்கினார். "அவருட்டச் சொல்லிட்டீயளா?"

"நான் சொல்லிக்கொள்கிறேன்."

வெளியே வந்தேன். ஜூமா பட்டறை வாசலில் தேநீர்க் குவளையுடன் நின்றிருந்தார். "சரியா வந்துச்சா, முவாலிமு?" என்று தமிழில் கேட்டார்.

"நன்றாக இருந்தது" என்றேன்.

அது பொய்யன்று. ஆயினும் அவர் கேட்டது அதனையன்று. அவர் என் கையைப் பற்றிக் குலுக்கிவிட்டுப் பேருந்துக்கு விரைந்தார். ஒளிபரப்புக்கு முன் அவரிடம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். கைபேசியை எடுப்பேன்; வைத்துவிடுவேன்.

ஒளிபரப்பான அன்று தம் அறைத் தோழர்கள் எல்லாரையும் கூட்டி உட்காரவைத்திருக்கிறார். மொம்பாசாவில் மகளும் நண்பரும் இணையம் வழியே பார்த்திருக்கின்றனர். காவலாளி வாய் திறந்தார். வேறொருவர் பேசினார். ஆண்டுக்கணக்கில் அவர் குரலை நாள்தோறும் கேட்டு வளர்ந்த மக்களுக்கு அது அவர் குரலன்று என்று அறிய ஒரு நொடி போதுமானதாயிருந்தது.

மறுநாள் காலை எனக்கு ஒரு குரற்செய்தி வந்தது. சுருக்கமானது. "முவாலிமு, அந்த ஆள் நல்லாப் பேசறார்."

அடுத்த படப்பிடிப்பில் ஸ்டெல்லா என்னிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. நானே வலியச் சென்று, ஒலிப்புத் தூய்மையின் தேவையை விளக்கத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

"சாரே, கதையில அந்த வாட்ச்மேன் தமிழ எங்க படிச்சாரு?"

"முகாமில்."

"யாருகிட்ட?"

"தொழிலாளர்களிடம்."

"பின்ன அவருக்கு எப்படி சாரே மெட்ராஸ் ரேடியோக் குரல் வரும்? நீங்க எழுதின கதைதானே இது?"

நான் எழுதிய கதைதான். ஜூமாவின் நாவில் பிசகிய ஒலிகள் அக்காவலாளிக்கு இயல்பானவை. அவற்றை நீக்கியதால் தமிழ் தூய்மை பெறவில்லை, பாத்திரம்தான் பொய்யாயிற்று. ஆய்ந்து ஆய்ந்து சொல்லெடுக்கும் வழக்கமுடைய எனக்கு இந்த எளிய செய்தி விளங்க ஒரு செவிலியர் சினக்க வேண்டியிருந்தது. சொற்களுக்கு மாற்றாக எண்கள் ஒலித்தபோது இசைந்த செவி, சொற்களே ஒலித்தபோது ஏன் இசையவில்லை என்று பலமுறை என்னையே வினவியுள்ளேன். மதிப்பான விடை எதுவும் கிட்டவில்லை. எண்களில் என் பெயர் இல்லை, சொற்களில் இருந்தது. அவ்வளவே.

இளைஞர்களே, செவிப்புலன் கூர்மையாக இருப்பது நம் தொழிலுக்குத் தேவை. ஆனால் நெருக்கடியில் முடிவெடுக்கும்போது, 'இது யாருடைய காட்சி' என்ற வினாவை முதலில் கேளுங்கள். நான் அதனை இறுதியில்கூடக் கேட்கவில்லை. முடிவு தவறாகவே அமைந்தாலும், உரியவரிடம் அதனை நேரில் சொல்லுங்கள். நான் சொல்லியிருந்தால், மகளையும் நண்பரையும் முன்னரே எச்சரிக்கவாவது அவருக்கு இயன்றிருக்கும்.

பல வாரங்கள் பர் துபாய்ப் பக்கம் போவதையே தவிர்த்தேன். பேரனுக்குத் துணி எடுக்கவேண்டிய கட்டாயம் வந்தபோது, வேறு கடைக்குப் போகலாம் என்று மருமகளிடம் சொல்லிப் பார்த்தேன். "ஏன் மாமா, அங்கதானே எப்பவும் எடுப்போம்?" என்றாள். சென்றோம்.

ஜூமா கதவைத் திறந்தார். "வணக்கம், வாங்க" என்றார், அவ்வழியே போகும் தமிழர் எவருக்கும் சொல்வதைப் போலவே. மருமகள் உள்ளே சென்றாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"நீதிபதி வேடம்..." என்று தொடங்கினேன்.

"வேற ஆளுக்குப் போயிடுச்சு. நல்ல நடிகர்தான், எனக்குத் தெரிஞ்சவர்." அவர் குரலில் சினமில்லை. "என் நண்பன் என்ன பண்ணுவான்? தொலைக்காட்சிக்காரங்க கேட்டாங்களாம். முதல்ல எண்ணுறார், அப்புறம் வேற ஒருத்தர் பேசறார், இதுல உங்க ஆள் எங்கேன்னு."

"உங்கள் மகள்?"

"அவ கேக்கிறா, அப்பா, உங்களுக்கு அந்தப் பாஷை நிஜமாவே தெரியுமான்னு."

என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். முடிவெடுத்தவர் சேவியர் அல்லர், சென்னைத் தொலைக்காட்சியும் அன்று, நானே என்றேன். அவர் வியப்படையவில்லை. கூட்டமாக வந்த சிலருக்குக் கதவைத் திறந்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"தெரியும், முவாலிமு. மறுபடி மறுபடி சொல்லச் சொன்னீங்கல்ல, அப்பவே தெரியும். அதை விடுங்க. எனக்கு ஒண்ணுதான் தெரியணும். எது தப்பு? எந்த வார்த்தை? அன்னைக்கே கேக்கணும்னு நினைச்சேன். நீங்க சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன். சொல்லுங்க, இப்பத் திருத்திக்கிறேன்."

சொல்ல வாயெடுத்தேன். அவ்வுரையாடல் முழுவதும் எனக்கு மனப்பாடம்; எழுதியவன் நான். முதற்சொல்லிலிருந்து உள்ளுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அன்று என் செவியை அவ்வளவு உறுத்திய ஒலி எது, எந்தச் சொல்லில் வந்தது என்று நினைவில்லை. ஒன்றுகூட நினைவில்லை. அவர் கதவின் பிடியில் கைவைத்தபடி, வருபவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"மறந்துவிட்டது" என்றேன்.

"சரி" என்றார் ஜூமா. அடுத்து வந்தவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, "உள்ளே போங்க, தேடுவாங்க" என்றார்.

அவர் இப்போது குவைத்தில், ஃபர்வானியாவில், ஒரு குடியிருப்பின் காவலராக இருப்பதாக ஸ்டெல்லா சொல்கிறார். இதனை எழுதலாமா என்று அவர் வழியே ஜூமாவிடம் கேட்டனுப்பினேன். எழுதட்டும் என்று சொல்லியனுப்பினார்.

இக்குறிப்பில் பிழைகள் இருக்கக்கூடும். உடனிருந்தோர் சொற்களை நினைவிலிருந்து எழுதியுள்ளேன். சுவாகிலிச் சொற்களைக் கேட்டவாறே குறித்துள்ளேன். நிகழ்ச்சிகளின் வரிசை சில இடங்களில் முன்பின்னாக இருக்கலாம். அறிந்தோர் திருத்த வேண்டுகிறேன். திருத்துவோரிடம் ஒன்றே கேட்பேன். பிழை இருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். எந்த இடம், எந்தச் சொல் என்று காட்டிச் சொல்லுங்கள்.